மிருகக் கதைப் படங்கள்: வடசென்னைப் பிள்ளைகளுக்கு எதைப் போடலாம், எதை நிறுத்திப் பேசிப் போடலாம்

"மிருகப் படமா பார்த்துப் போட்டுடுங்க, அதுல வம்பே இருக்காது." படிப்பகம், மாலை ட்யூஷன், தெரு நூலகம் என்று எங்கே பிள்ளைகளுக்குத் துணி கட்டிப் படம் காட்டப் பேச்செடுத்தாலும் முதலில் வரும் யோசனை இதுதான். வம்பு அதில்தான் அதிகம். மனிதர்கள் நடித்த படத்தில் யார் எந்த ஊர், என்ன நிறம், என்ன வேலை என்பது கண்ணுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் கை நீட்டிக் காட்டலாம். புலிக்கும் குரங்குக்கும் அந்த அடையாளங்களைக் குரல் வழியாகவும் உடல் குறை வழியாகவும்தான் ஏற்றுகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்ப்பதால் அது கவனத்தில் படுவதில்லை.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, மண்ணடி என்று எங்கே பாய் விரித்தாலும் தமிழ் பேசும் பிள்ளையோடு தெலுங்கு, உருது, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். 5 வயது முதல் 13 வயது வரை எல்லாரும் ஒரே பாயில். இந்தக் கூட்டத்துக்கு எந்தப் படம் எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே கணக்கு. படமாக்கத்தின் அழகு இரண்டாவது.

எல்லாரும் முதலில் கேட்பது ஜங்கிள் புக். அதை எழுதிய ருட்யார்ட் கிப்ளிங் பம்பாயில் 1865-இல் பிறந்தவர். புத்தகம் வந்தது 1894-இல். ஓநாய்கள் வளர்க்கும் மோக்ளி என்கிற மனிதக் குட்டியின் கதை; நடப்பது இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சிவனி மலைப்பக்கம். டிஸ்னியின் 1967 படம் 78 நிமிடம். சின்னப் பிள்ளைகள் எழுந்து போகாத நீளம். வண்ணங்கள் தட்டையாக, பளிச்சென்று இருப்பதால் மங்கலான ப்ரொஜெக்டரிலும் படம் தெளிவாக விழும். திரையிட வசதியான படம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

இந்தியக் காட்டில் நடக்கும் அந்தக் கதையில், மூலக் குரல்களில் ஒன்றுகூட இந்தியக் குரல் இல்லை. புலி ஷேர்கானும் சிறுத்தை பகீராவும் இங்கிலீஷ் துரை மாதிரி, கரடி பலூ அமெரிக்கன், கழுகுகள் லிவர்பூல் பையன்கள். குரங்கு ராஜாவான லூயி கிப்ளிங்கின் புத்தகத்திலேயே இல்லை. அவர் எழுதிய குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனே கிடையாது. இந்தியாவில் இல்லாத ஒராங்குட்டானைக் கொண்டுவந்து, ஜாஸ் இசை கொடுத்து, "உன்னைப் போல் ஆக வேண்டும், நெருப்பு மூட்டச் சொல்லிக் கொடு" என்று மனிதக் குட்டியிடம் கெஞ்ச வைத்தார்கள். பாடியவர் லூயி ப்ரிமா, இத்தாலிய வம்சாவளிப் பாடகர். ஆனால் அந்த இசை கறுப்பின மக்களுடையது என்பதால், குரங்கையும் கறுப்பர்களையும் முடிச்சுப் போடுகிற பழைய கேலி அதில் ஒட்டிக்கொண்டது என்ற விமர்சனம் இன்று வரை தொடர்கிறது. டிஸ்னியே தன் ஓ.டி.டி-யில் இந்தப் படத்துக்கு, இதில் தவறான சித்திரிப்புகள் உள்ளன என்று எச்சரிக்கை சேர்த்தது.

நம்மூரில் இதன் பாதிப்பு வேறு வழியில் வரும். நிறம் கறுத்த பிள்ளையைக் "குரங்கு" என்று கூப்பிடுகிற பழக்கம் எந்தத் தெருவிலும் புதிதல்ல. பாட்டு முடிந்ததும் யாரையாவது பார்த்து ஒரு பையன் அப்படிக் கத்துவான் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை வெட்டுவது தீர்வல்ல. படத்திலேயே துள்ளலான இடம் அதுதான். பாட்டு முடிந்த கையோடு நிறுத்தி, "இந்த ராஜாவுக்கு எதுக்கு நெருப்பு வேணும்? யார்கிட்ட இருக்கிறதைப் பார்த்து ஆசைப்படுறார்?" என்று கேட்டால் பேச்சு அதிகாரத்தின் பக்கம் போகும், நிறத்தின் பக்கம் போகாது. இரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் கூட்டம் கலையும்.

அதைவிட நமக்கு நெருக்கமான சிக்கல் படத்தின் முடிவில் இருக்கிறது. பேசும் பெண் பாத்திரம் என்றால் யானைக் கர்னலின் மனைவியும், கடைசியில் வரும் சிறுமியும்தான். கிப்ளிங்கின் புத்தகத்தில் புலியை எதிர்த்துக் கர்ஜித்து, இந்தக் குட்டி என்னுடையது என்று நிற்கும் தாய் ஓநாய் ரக்ஷா, இந்தப் படத்தில் வாயே திறப்பதில்லை. அந்தச் சிறுமி குடத்தோடு வந்து பாடும் பாட்டின் பொருள் இது: அப்பா வேட்டைக்குப் போயிருக்கிறார், அம்மா வீட்டில் சமைக்கிறாள், நான் தண்ணீர் எடுக்கப் போகிறேன், பெரியவளானதும் எனக்கொரு மகள் பிறப்பாள், அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு நான் சமைப்பேன். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் இருக்கிற தெருவில் இந்தப் பாட்டைச் சும்மா ஓடவிட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவன் மோக்ளி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது படத்திலேயே இருக்கிறது. அவன் ஏன் தூக்கினான் என்பதற்குப் பிள்ளைகள் சொல்லும் பதில்கள் நன்றாக இருக்கும்.

2016-இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கிய பதிப்பு இந்த ஓட்டைகளில் பலவற்றை அடைத்திருக்கிறது. மோக்ளியாக நடித்த நீல் சேத்தி நியூயார்க்கில் பிறந்த இந்திய வம்சாவளிப் பையன். சுற்றியிருக்கும் காடும் மிருகங்களும் கணினி வரைந்தவை. ரக்ஷாவுக்குக் குரல் திரும்பி வந்தது. லூபிட்டா நியாங்கோ பேசினார். பென் கிங்ஸ்லி பகீரா, இட்ரிஸ் எல்பா ஷேர்கான். குடத்துச் சிறுமி இல்லை. லூயியை ஒராங்குட்டான் என்று வைக்காமல், ஆசியாவில் வாழ்ந்து அழிந்த ராட்சசக் குரங்கினமாக மாற்றினார்கள். மலைப்பாம்பு காவைப் பெண்ணாக்கியது மட்டும் உறுத்தல். புத்தகத்தில் கா ஆண், மோக்ளியைக் காப்பாற்றும் கூட்டாளி. பெண் எண்ணிக்கையைக் கூட்ட வந்த இடத்தில் மயக்கி விழுங்கும் பாம்பைத் தேர்ந்தெடுத்தது பழைய புத்திதான்.

இந்தியாவில் அது அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே, 2016 ஏப்ரல் 8-இல் வெளியானது. தணிக்கைக் குழு யு/ஏ கொடுத்தது. தமிழ் டப்பிங்கும் உண்டு. தியேட்டரில் தமிழில் வந்த படம் எல்லா ஆப்பிலும் தமிழில் இருக்கும் என்று நம்பிப் பாய் விரிக்காதீர்கள். படத்தை ஓடவிட்டு, ஆடியோ-சப்டைட்டில் பொத்தானை அழுத்தி, தமிழ் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

இதைத் தெருவில் போடும்போது வேறு தொல்லையும் உண்டு. பாதிப் படம் இருட்டு. 3000 லூமன் ப்ரொஜெக்டரில், பக்கத்திலேயே எல்.இ.டி தெருவிளக்கு எரிந்தால், பகீரா வருவதும் தெரியாது போவதும் தெரியாது. ஏழரை மணிக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். துணியை விளக்குக்கு முதுகு காட்டிக் கட்டுங்கள். படத்தை 120 அங்குலத்துக்கு விரிக்காமல் 80 அங்குலத்தில் நிறுத்தினால் அதே வெளிச்சம் சின்ன இடத்தில் விழுந்து இரண்டு மடங்குக்கு மேல் பளிச்சென்று தெரியும். பேச்சு சன்னமாகவும் இடி மட்டும் பெரிதாகவும் கேட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. உங்களிடம் இருப்பதோ இரண்டு பெட்டி. அமைப்பில் ஸ்டீரியோவுக்கு மாற்றினால் வசனம் மேலே வரும்.

நெட்ஃபிளிக்ஸில் 2018-இல் வந்த ஆண்டி செர்கிஸின் மோக்ளி சின்னவர்களுக்கு வேண்டாம். அமெரிக்காவிலேயே பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்ற சான்று. ஆனால் 12, 13 வயதுக்காரர்களோடு உடல் குறை பற்றிப் பேச இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. கிப்ளிங்கின் ஷேர்கான் பிறவியிலேயே கால் ஊனமானவன். தாயே அவனை லங்ரி, அதாவது நொண்டி, என்றுதான் கூப்பிட்டது. 1967 படம் அதை நீக்கியது. 2016 படம் ஊனத்துக்குப் பதில் வெந்துபோன முகமும் போன கண்ணும் கொடுத்தது. 2018 படம் சூம்பிய காலைத் திருப்பிக் கொண்டுவந்தது. மூன்றிலும் ஒன்று மாறவில்லை: நல்லவன் உடல் முழுசாக இருக்கும். இதற்கு எதிர்ப்பக்கம் அதே 2018 படத்தில் பூட் என்கிற வெளிறிய ஓநாய்க்குட்டி இருக்கிறது. நிறத்தாலேயே ஒதுக்கப்பட்டது, மோக்ளியின் நெருங்கிய நண்பன். அதற்கு என்ன ஆகிறது என்பது பிள்ளைகளை உலுக்கும், முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. நடக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை ஒருவர் பாயில் இருந்தால் ஷேர்கான் நுழையும் காட்சியில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளையிடமும் வீட்டிலும் முன்னால் பேசாமல் இந்தப் படத்தைப் போடக் கூடாது.

ஜப்பான்காரர்கள் 1989-இல் எடுத்த 52 பகுதித் தொடர்தான் தூர்தர்ஷனில் குல்ஜாரின் இந்திப் பாட்டோடு வந்தது. கா அதில் புத்தகத்தில் உள்ளபடி நண்பன். இந்தி வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவே பாடிக் காட்டுவார்கள்; தொடராக வாரம் ஒன்று போடுவதற்குத்தான் சரி.

இனி டப்பிங். வடசென்னையில் உட்கார்ந்து இதைப் பேசாமல் போனால் மற்றதெல்லாம் பேசியும் பயனில்லை. 1994 லயன் கிங் படத்தில் ராஜ குடும்பம் கண்ணியமான ஆங்கிலம் பேச, கழுதைப்புலிகளுக்கு மட்டும் ஊப்பி கோல்ட்பெர்க், சீச் மரின் ஆகியோரின் குரலைக் கொடுத்து நகரத்து ஏழைப் பேட்டைப் பேச்சாக்கினார்கள் என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. அது பழைய புத்தகத்திலிருந்து எடுத்த கதை அல்ல என்றாலும் இந்த நோய்க்கு அதுதான் பாட உதாரணம். நம்முடைய தமிழ் டப்பிங்கில் அதே வேலையைச் செய்கிறது மெட்ராஸ் பாஷை. சந்திரபாபு, லூஸ் மோகன் காலத்திலிருந்து சினிமாவில் "இன்னாபா", "கஸ்மாலம்" என்றால் சிரிப்பு அல்லது பிக்பாக்கெட். டப்பிங் எழுதுகிறவர்களும் அதே தடத்தில் போகிறார்கள். சிங்கம், மான், தாய் ஓநாய் எல்லாம் ஊர் பெயர் தெரியாத நல்ல தமிழ் பேசும். எலி, காக்கா, அடியாள் நரி என்று வந்தால் பேச்சு பேசின் பிரிட்ஜ் தாண்டி வடசென்னைக்கு வந்துவிடும். அந்தப் பேச்சைத் தாய்ப்பேச்சாகக் கொண்ட பிள்ளை, தன் வீட்டுக் குரலைத் திருட்டு எலியின் வாயில் கேட்டுவிட்டு அதற்கே கைதட்டும்.

ஒரு டப்பிங் எப்படி என்று கண்டுபிடிக்க முழுப் படமும் பார்க்கத் தேவையில்லை. வில்லன் முதலில் நுழையும் இடம், முதல் சிரிப்புக் காட்சி, முதல் பாட்டு: இந்த மூன்றையும் மூன்று மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். காகிதத்தில் பேசும் மிருகங்களின் பெயரை எழுதி, எதிரில் ஆணா பெண்ணா, எந்த ஊர்ப் பேச்சு, அது கெட்டதா நல்லதா சிரிப்பா என்று குறியுங்கள். பேட்டைப் பேச்சு முழுவதும் ஒரே பத்தியில் விழுந்தால் அந்த டப்பிங்கின் லட்சணம் தெரிந்துவிடும். பாட்டு தமிழில் இல்லாமல் ஆங்கிலத்திலேயே விடப்பட்டிருந்தால் 8 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கதையில் பாதியை இழப்பார்கள். சப்டைட்டில் ஓடும் வேகத்துக்கு அவர்களால் படிக்க முடியாது. விலை மலிவான வீடியோக்களில் ஒரே ஆள் எல்லா மிருகத்துக்கும் பேசுவார், பெண் மானுக்குக் கீச்சுக்குரல். அதைக் கேட்டவுடன் மூடிவிடலாம்.

மெட்ராஸ் பாஷையை எடுத்துவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். கரடி பலூ பேசட்டும், ரொம்பவே பொருந்தும். பகீராவும் பேச வேண்டும், ரக்ஷாவும் பேச வேண்டும். இதைப் பிள்ளைகளே செய்யலாம். நான்கு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஒலியை அணைத்து, நான்கு பேரை மைக் முன் நிறுத்துங்கள். வசனத்தை அப்படியே தமிழில் எழுதினால் வாய் மூடிய பிறகும் பேச்சு ஓடும். தமிழ் வினைமுற்று நீளம். வாய் அசையும் நேரத்தைக் கையால் தட்டி எண்ணி, அதற்குள் அடங்கும்படி வெட்டி எழுத வேண்டும். பேச்சுத் தமிழ் இங்கே கைகொடுக்கும்: "போய்க்கொண்டிருக்கிறான்" என்பது வாய்க்குள் அடங்காது, "போய்னுகிறான்" அடங்கும். தெலுங்கு வீட்டுப் பிள்ளையிடம் வில்லன் ஷேர்கானைக் கொடுத்து அந்த உச்சரிப்பைக் கெட்டதாக்காமல், ஓநாய்த் தலைவர் அகேலாவைக் கொடுங்கள்.

பிரிட்டிஷ் கதைகளில் நிறையப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. 1926-இன் வின்னி த பூவில் கங்காரு அம்மா ஒருத்திதான் பெண்; டிஸ்னி 2007-இல் ஆரம்பித்த தொடரில் டார்பி என்கிற சிறுமியைக் கொண்டுவந்தது. 5 வயதுக்காரர்களுக்கு அது போதும். கென்னத் கிரஹாம் 1908-இல் எழுதிய 'தி விண்ட் இன் த வில்லோஸ்' கதை வண்ணாரப்பேட்டைக்குக் கொஞ்சம் முள். பணக்காரத் தேரை சிறையிலிருந்து துணி வெளுக்கும் பெண்ணின் உடையில் தப்பிக்கும். அந்த உடையே கேலி. ஆனால் படகுக்காரி ஒருத்தி அதனிடம் துணியைக் கொடுத்துத் துவைக்கச் சொல்வாள், தேரைக்கு ஒரு துணிகூட வெளுக்கத் தெரியாது. எந்தப் பதிப்பு கிடைத்தாலும் இந்தக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேலி யார் மேல் விழ வேண்டுமோ அங்கே விழும். இல்லாமல் வெறும் வேஷம் மட்டும் இருந்தால் வேண்டாம்.

வாட்டர்ஷிப் டவுன் 2018 குறுந்தொடர், நான்கு பகுதி. 1972 நாவலில் முயல் கூட்டம் பெண் முயல்களைத் தேடிப் போவதே குட்டி போடுவதற்குத்தான். தொடர் ஸ்ட்ராபெரி என்கிற ஆண் முயலைப் பெண்ணாக்கி, பண்ணை முயல் க்ளோவருக்கும் பேச இடம் கொடுத்தது. நல்ல திருத்தம். ரத்தம் அதிகம், 10 வயதுக்கு மேல் மட்டும். 2018 பீட்டர் ராபிட்டில், ஒவ்வாமை உள்ள மனிதர் வாயில் முயல்கள் வேண்டுமென்றே கருப்பு பெர்ரியை எறிந்து, அவர் மூச்சுத் திணறி ஊசி போட்டுக்கொள்வது நகைச்சுவையாக வரும். பெற்றோர்கள் கண்டித்து, சோனி மன்னிப்புக் கேட்டது. பாயில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்தாலும் அந்தக் காட்சியைத் தாண்டி ஓட்டிவிடுங்கள்.

காசு கொடுத்து எடுக்க ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் 2014 பாடிங்டன். 95 நிமிடம். கரடி மட்டும் கணினி வரைந்தது, மற்றவர்கள் மனிதர்கள். பெருவிலிருந்து கழுத்தில் சீட்டோடு லண்டன் ரயில் நிலையத்தில் நிற்கும் கரடி. மைக்கேல் பாண்ட் 1958-இல் இதை எழுதியபோது, போர்க்காலத்தில் கழுத்தில் சீட்டு மாட்டி ஊர் விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள் மனதில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் வியாசர்பாடியில் இருக்கிறார்கள். நேற்று பீகாரிலிருந்து வந்த பிள்ளையும் பக்கத்தில் இருக்கும். "இந்த ஏரியாவுக்குக் கரடி வந்தால் தெருவே கெட்டுவிடும்" என்று புலம்பும் பக்கத்து வீட்டுக்காரரை எல்லாருக்கும் உடனே அடையாளம் தெரியும். தெருவில் வாசிக்கும் கலிப்சோ குழுவும், கரீபியனிலிருந்து வந்து குடியேறியவர்களின் இசை என்பதால், அலங்காரத்துக்கு வந்ததாக இல்லாமல் கதையோடு சேர்ந்து நிற்கிறது. மிருகங்களுக்குள் பஞ்சடைத்துப் பாடம் பண்ணும் வில்லி வரும் இரண்டு காட்சிகள் சின்னவர்களுக்குப் பயம்.

கடைசியாகப் பஞ்சதந்திரம். யூடியூபில் இலவசம், தமிழில் கொட்டிக் கிடக்கிறது, நம் கதை. இந்தப் பட்டியலில் மிகவும் கவனமாகத் தொட வேண்டியது அதுதான். தாண்டவராய முதலியார் 1826-இல் சென்னையிலேயே தமிழாக்கிய நூல் என்ற பெருமை இருக்கட்டும். சிங்கம் வளர்த்த நரிக்குட்டி கதையை எடுங்கள். யானையைக் கண்டு நரிக்குட்டி ஓடிவரும். தாய்ச் சிங்கம் சொல்லும்: நீ வீரன், படித்தவன், அழகன், ஆனால் நீ பிறந்த குலத்தில் யானையைக் கொல்வதில்லை. சாயத் தொட்டியில் விழுந்து ராஜாவான நீல நரியும் கடைசியில் ஊளையிட்டுப் பிறப்பைக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும். முனிவர் பெண்ணாக்கிய எலி, சூரியனையும் மலையையும் வேண்டாம் என்று எலியையே கட்டிக்கொள்ளும். மூன்றும் சொல்வது ஒன்றே: பிறந்த இடத்தில் இரு. வெளிநாட்டுக் கார்ட்டூனில் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இங்கே கதையே நேராகச் சொல்கிறது, கடைசியில் நீதி என்று எழுத்தாகவும் போடுகிறார்கள். அம்பேத்கர் பெயரில் நடக்கும் படிப்பகத்தில்கூட இந்த வீடியோக்கள் "நீதிக்கதை" என்ற பெயரில் சாதாரணமாக ஓடிவிடும்.

அதே நூலின் இரண்டாம் பகுதியைத் தேடுங்கள். காகம், எலி, ஆமை, மான் நான்கும் சேரும் கதை. எலி தொடக்கத்தில் காகத்தின் நட்பை மறுக்கும்: நீ என்னைத் தின்கிறவன், உன்னோடு எனக்கு என்ன சிநேகம் என்று. அந்தச் சந்தேகத்தை முழுதாக வைத்திருக்கும் பதிப்பை எடுங்கள். பறக்கிறவனும் வளையில் இருக்கிறவனும் எளிதில் கூடிவிட்டதாகக் காட்டினால் கதையில் சத்து இல்லை. வலையை அறுப்பது எலியின் பல். சுருக்கிய வீடியோவில் அந்தக் கட்டம் பத்து நொடியில் முடிகிறதா, எலிக்கு என்ன குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

போடுவதற்கு முன் சட்ட விஷயம். ஓ.டி.டி சந்தா வீட்டில் பார்ப்பதற்குக் கொடுப்பது. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 52, கல்வி நிறுவனம் தன் பணியின் பகுதியாக மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்களுக்கு மட்டும் படம் காட்ட விலக்கு தருகிறது. தெருவில் துணி கட்டி ஊரைக் கூப்பிடுவது அதில் அடங்காது. அதற்கு உரிமையாளரிடம் எழுதி அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் நிகழ்ச்சியைப் பள்ளிக்கூடத்தின் பணியாக, மேலே சொன்னவர்கள் மட்டும் வரும்படி, தலைமையாசிரியர் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும்.